சிவபாலனின் தாராக்கள்

பதிவுபெற்ற பொறியியலாளர் ஆவதற்கான நேர்முகப் பரீட்சைக்கு முந்திய நாள் நான் தேடிக்கொண்டிருந்தது, சொல்லத்தக்க ஒரு பிழையை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் சிவபாலனும் நியூசிலாந்தின் ஒக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு வீட்டைப் பகிர்ந்து வாடகைக்கு இருந்தோம். இருவரும் இலங்கையில் படித்த சிவில் என்ஜினியர்கள். இங்கே ஒரே கந்தோரில் வேலை; கட்டுமானப் படங்கள் வரைந்தோம். பதிவு கிடைத்தால்தான் பிளானில் கையெழுத்திடலாம். மூன்று மூத்த பொறியியலாளர்கள் முன் இருந்து செய்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும். விட்ட பிழை ஒன்றைச் சொல்லும்படி கட்டாயம் கேட்பார்களாம்.

"பிழையைச் சொன்னா பெயில் பண்ணமாட்டாங்களோ?" என்றேன்.

"சொல்லாட்டித்தான் பெயில். உன்னட்ட இல்லாட்டி என்ர ஒண்டைக் கொண்டுபோ, மச்சான்" என்று சிவபாலன் சிரித்தான்.

அவன் பகிடிக்குச் சொன்னதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அவனுடைய பிழை நல்ல பிழை. மழைநீர்க் குழாய் ஒன்று பதிக்க நிலமட்டம் அளந்து லெவல் எடுத்தான். ஊரில் அவன் பழகிய மட்டக் கருவிக்குள்ளால் பார்த்தால் அளவுகோல் தலைகீழாகத் தெரியும். இங்குள்ளதில் நேராகத் தெரிந்தது. பழக்கத்தில் கோடுகளை மேலிருந்து கீழாகவே எண்ணிவிட்டான். குழாய் ஓடைப் பக்கம் சாயாமல் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டுப் பின்வளவுப் பக்கம் சாய்ந்தது. முதல் மழைக்கே அங்கே குளம், குளத்தில் தாராக்கள், ஒரு வாத்துக் கூட்டமே. திருத்தப் போனவர்களை அந்த அம்மா மறித்து, "இதுகள் இனி எங்க போறது?" என்று சண்டை பிடித்தாராம்.

நேர்முகத்தில் அந்தக் கேள்வி வந்தது. என்னிடமும் இரண்டு மூன்று பிழைகள் இருந்தன. ஒன்றிலும் தாரா இல்லை. சிவபாலனின் பிழையை என்னுடையதாகச் சொன்னேன். தலைவர் மேசையில் தட்டிச் சிரித்து, தாராக்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பக்கத்துப் பார்க்குக்குப் போய்விட்டன என்றேன். என் சொந்தச் சரக்கு அது மட்டும்தான்.

மறுநாள் சிவபாலனின் முறை. என் நேர்முகம் முடிந்த அன்றிரவு சோறு வடிக்கும்போது, "என்ன கேட்டவங்கள்?" என்றான்.

"சும்மா கதைச்சவங்கள்" என்றேன்.

அடுத்த நாள் மாலை அவன் டையைக் கழற்றியபடி வந்தான்.

"தாரா எண்டு வாய் திறந்தன். மூண்டு பேரும் ஆளையாள் பாத்தாங்கள். 'இந்தக் குளம் எங்களுக்குத் தெரியுமே. உம்முடைய பிழையோ, நேற்று வந்தவற்ற பிழையோ?' எண்டு கேட்டாங்கள்."

"நீ என்ன சொன்னனீ?"

"என்ர எண்டா உன்ர பதிவு போயிடும். உன்ர பிழை எண்டனான். இரவல் பிழையோட வந்தவனுக்குப் பதிவு இல்லையாம். அடுத்த வருஷம் வரட்டாம்."

பிறகு சோற்றுக் கோப்பையை நீட்டி, "கறியைப் போடடா" என்றான்.

நான் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. எனக்குப் பதிவு கிடைத்தது; அந்த வருடம் முழுவதும் அவன் வரைந்த பிளான்களில் நான் கையெழுத்திட்டேன். அடுத்த பரீட்சைக்கு அவனுக்கு என் பிழைகளைக் கொடுக்க முன்வந்தேன்.

"உன்ர பிழையளில ஒரு சுவாரசியமும் இல்லை, மச்சான்" என்றான். வேறு பிழையைச் சொல்லிப் பாஸானான்.

இப்போது பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு: தாரா இல்லாவிட்டாலும் உங்கள் பிழையையே சொல்லுங்கள். அவன் கோப்பையை நீட்டிய அன்று மாலையே எனக்கும் சொந்தமாக ஒரு நல்ல பிழை கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காலம் எடுத்தது.