ஆற்று மணலில் ஒரு சுத்தமான கூடாரம்

அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். கூடாரத்து வாசலில் வைத்திருந்தது. எங்கள் கூடாரத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதில் காலை முக்கிக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் புளித்த கஞ்சியாகிவிடும். மேலே தலைமுடியும், சவுக்குச் சருகும், எவள் பித்தவெடிப்பிலிருந்தோ உரிந்த தோலும் மிதக்கும். கடைசியாக வருகிறவள் பாடுதான் பாவம். பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள் நானாகத்தான் இருந்தேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் கல்லூரி முதல் வருஷம். மாணவியர் படை முகாம் என்று எங்களை விழுப்புரம் வரை ஒரு பஸ்ஸிலும், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டு போய், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெண்ணையாற்று மணலில் இறக்கிவிட்டார்கள். கூடாரத்துக்குத் தலைவி ஒரு சீனியர் அக்கா. திருவக்கரைப் பக்கத்துக் கிராமம், சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பம். முகாமில் எந்தக் கூடாரம் சுத்தமாக இருக்கிறதோ அதன் தலைவியை மாநில முகாமுக்கு அனுப்புவார்கள். அங்கே கொடுக்கிற சான்றிதழ் கையில் இருந்தால் போலீஸ் வேலைக்கு உதவும் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தாள். இந்த வருஷம் ஒன்றும் ஆகவில்லையென்றால் தை மாதம் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வந்த முதல் நாளே அதை எங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அதனால்தான் நாங்கள் அந்தப் பக்கெட்டைப் பொறுத்துக்கொண்டோம்.

மணல் இருக்கிறதே, அதைப்போல மானங்கெட்ட பொருள் உலகத்தில் இல்லை. சோற்றில் இருக்கும், சீப்பில் இருக்கும், பல் தேய்த்தால் நறநறக்கும். வியர்வையோடு சேர்ந்து கழுத்து மடிப்பில் மாவாக அப்பிக்கொள்ளும். போர்வையை நாலு பேர் நாலு மூலையில் பிடித்து உதறினால், பாதி எங்கள் கண்ணில் விழும், மீதி மறுபடியும் போர்வையிலேயே விழும். அக்கா துடைப்பத்தைக் கீழே வைக்கவே மாட்டாள். "ஏய், காலக் கழுவிக்கினு உள்ள வாங்கடி, இன்னா வூட்ல இப்டியா வளந்தீங்க?" என்று நாள் பூராவும் கத்துவாள். வீட்டுக்குள் நுழையும்போது காலைக் கழுவ வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்குமே ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஈரக்காலில்தான் மணல் ஒட்டும், காய்ந்த காலைத் தட்டினாலே உதிர்ந்துவிடும் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. பக்கெட்டுக்கும் பாய்க்கும் நடுவில் நாலு எட்டு தூரம் மணல். கழுவக் கழுவ நாங்களேதான் மணலை உள்ளே சுமந்துகொண்டிருந்தோம்.

மதிப்பெண் போட அதிகாரி பார்வையிட வருவதற்கு முந்தின நாள் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் ஊரில் கேப்பை அடிக்கிற களத்தைச் சாணி கரைத்து மெழுகுவார்கள், ஒரு மண் துகள்கூட மேலே வராது. அதே மாதிரி வாசலை மெழுகிவிடலாம் என்றாள். கரையில் மேய்ந்த மாடுகளின் பின்னாலேயே நடந்து சாணி பொறுக்கினோம். முழங்கை வரை பச்சைச் சாணியில் கிடந்தோம். மெழுகி முடித்து வெயிலில் காய்ந்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா கோலம்கூடப் போட்டாள்.

களம் என்பது தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்திய மண். இதுவோ பொலபொலக்கும் ஆற்று மணல். மேலே அப்பளமாகக் காய்ந்தது, மிதித்தால் நொறுங்கியது. விடியற்காலைப் பனியில் அது ஊறி, காலோடு வில்லை வில்லையாகப் பாய் வரைக்கும் வந்தது. ஈ மொய்த்தது. கருவண்டுகள் எங்கிருந்தோ கிளம்பி வந்து கோலத்தின் நடுவில் உருண்டை உருட்டின. என் தலையணை உறைக்குள் ஒன்று ஊர்ந்ததைப் பார்த்து நான் வாந்தி எடுத்தேன். அதையும் அக்காதான் அள்ளிப் போட்டாள்.

பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் இந்தப் பேஜாரு எதுவும் படவில்லை. வந்த நாளிலிருந்தே சவுக்குத் தோப்பில் தார்ப்பாய் விரித்துப் படுத்தார்கள். கூடாரத்தில் பெட்டியை மட்டும் அடுக்கி வாசலைக் கட்டிவைத்திருந்தார்கள். நாமும் அப்படியே செய்திருக்கலாமே என்று எங்களில் ஒருத்தி சொன்னதற்கு அக்கா காறித் துப்பினாள். "ஆளே இல்லாத வூட்டக் காட்டி சுத்தம்னு சொல்றதா? த்தூ! அதுக்கு நாறிக்கினே கெடக்கலாம்."

பார்வையிட வந்த மேடம் எங்கள் வாசலில் ஒரு காலை வைத்தார், மெழுகல் உடைந்து ஷூ கணுக்கால் வரை இறங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார். பக்கத்துக் கூடாரத்தில் நின்று நிதானமாகப் பார்த்து, ஒரு பொட்டு மணல்கூட இல்லையே என்று வாய்விட்டுப் பாராட்டினார். அந்தக் கூடாரத்துத் தலைவி வெட்கமே இல்லாமல் சல்யூட் அடித்தாள். சாணி, வண்டு, வாந்தி எல்லாவற்றையும் விட அந்த சல்யூட்தான் எனக்கு அதிக அருவருப்பு. அக்கா துடைப்பத்தை எடுத்து உடைந்த மெழுகலைப் பெருக்கத் தொடங்கினாள். தை மாதம் விழுப்புரத்தில் அவளுக்குக் கல்யாணம், நாங்கள் எல்லாரும் போயிருந்தோம்.

இப்போது நான் கல்லூரி ஆசிரியை. சென்ற முறை முகாமில் கூடாரங்களுக்கு மதிப்பெண் போடுகிற வேலை என்னிடம் வந்தது. மரக்காணம் பக்கம் கடற்கரை மணல், ஒரு கூடாரம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. பாயை எடுத்து முகர்ந்தேன், ஆள் படுத்த வாடையே இல்லை. கடைக்காரர் கட்டிய கயிற்று மடிப்பே இன்னும் கலையவில்லை. பூஜ்யம் போட்டேன். கூட வந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள், நான் மாற்றவில்லை. வயிறு முட்டப் பால் குடித்த பூனையின் திருப்தி எனக்கு.

அன்று மாலையே அக்காவுக்கு போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்:

"பூஜ்யம் போட்டியே, அந்தக் கூடாரத்து லீடர் பொண்ணு... அது வூட்ல இன்னா சொல்லி அனுப்பி இருந்தாங்கன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை.