லிஃப்ட்காரர் வராத ஞாயிறுகள்

சலூன்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஆனால் சொந்த சிநேகிதன் மேலேயே வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஒன்றா இரண்டா, இருபத்தேழு வருஷம்! மாதத்தின் முதல் ஞாயிறு, கடை திறந்த கையோடு, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அந்த மனிதர் வந்து நாற்காலியில் உட்காருவார். வெட்டு பத்து நிமிஷம், பேச்சு ஒரு மணி நேரம். எந்த லிஃப்ட் பாதியில் நின்றது, உள்ளே மாட்டிய மாமியாரும் மருமகளும் எப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், மகளுக்கு எங்கே வேலை கிடைத்தது, எல்லாக் கதையும் அங்கேதான். சலூன்காரர் தன் அப்பா செத்த துக்கத்தை அழுது தீர்த்ததும் அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான்.

மூன்று மாதமாக ஆளைக் காணோம். போன் போட்டால், "வேலைடா" என்று ஓர் இழுப்பு. போன வாரம் மார்க்கெட்டில் தூரத்தில் தென்பட்டார். தலையில் தொப்பி, காதோரம் மழமழவென்று. அடப்பாவி, வேறு கடை!

இந்த ஞாயிறு காலை கடையைச் சாத்திவிட்டு நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"எவன்டா அவன்?"

"எவன்?"

"உனக்கு வெட்டினவன்!"

லிஃப்ட்காரர் தொப்பியைக் கழற்றினார். உச்சி காலியாகி வருஷக்கணக்காகிறது. ஓரத்தில் மிச்சமிருந்ததையும் அவரே வழித்துவிட்டிருந்தார்.

"நாலு முடிய வச்சுக்கிட்டு உங்கிட்ட வர வெக்கமா இருந்துச்சுடா. நீயும் பாவம், இல்லாத முடிக்குக் கத்தரிய காத்துல ஆட்டிக்கிட்டு நிப்ப. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சலூன்காரரின் குட்டு வெளிப்பட்டது. உண்மைதான். இரண்டு வருஷமாக வெறும் சத்தம்தான். பின்னே, ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவதாம்?

"அதுக்காக வராம இருந்துடுவியா?"

"வந்து என்ன பண்றது? காத்திருக்கிறவங்க எடத்த அடைச்சுக்கிட்டு?"

கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீ வந்தது. பேச்சு வரவில்லை. இத்தனை வருஷமும் ஒருவர் முகத்தை ஒருவர் கடைக் கண்ணாடியில் பார்த்தே பேசிப் பழகியவர்கள். நேருக்கு நேர் நாக்கு எழவில்லை. லிஃப்ட்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் டாக்டர் வாசல்ல காத்திருக்கிற மாதிரி இருக்கீங்க?"

சலூன்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முடியோடு சிநேகமும் கொட்டிப்போய்விட்டதோ என்று பயந்துவிட்டார். மனசுவிட்டுப் பேச அவருக்கு இந்த ஊரில் இவனைவிட்டால் நாதியில்லை.

சட்டென்று எழுந்தார். நாற்காலியை அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த கத்தரியையும் சீப்பையும் நீட்டினார்.

"எனக்கு வெட்டு."

"பைத்தியமா உனக்கு? எனக்கு என்னடா தெரியும்?"

"பத்தாவது மாடியில தொங்குற ஆளு, இதுக்குப் போய் நடுங்குற?"

லிஃப்ட்காரர் பின்னால் போய் நின்றார். காதுக்கு மேலே ஒரு வெட்டு. கொத்தாக விழுந்தது.

"ஐயையோ!"

"போனது போகட்டும், வெட்டு."

கத்தரி மறுபடி ஓடியது. பிறகு கண்ணாடியில் சலூன்காரரைப் பார்த்தபடி அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு உயரம்னா பயம்டா. வேலைக்குச் சேந்த நாள்லேருந்து. கீழ பார்க்கவே மாட்டேன். இவகிட்டகூடச் சொன்னதில்ல."

"இருபத்தேழு வருஷமா எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ கத்தரிய வச்சுக்கிட்டு சிரிச்சா, என் காது போயிடுமே."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இன்னொரு கொத்தும் போனது.

மறுநாள் கடைக்கு வந்த முதல் ஆள் வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணே, யாருண்ணே இந்த அநியாயத்தப் பண்ணினது?"

"என் சிநேகிதன்," என்றார் சலூன்காரர். "அடுத்த மாசமும் அவன்தான் வெட்டுவான்."