பின்விளக்கு ஏன் சுட்டது

சலவைக்கடை வண்டியை ஓட்டுகிறவளுக்கு உழக்கு என்ற பெயர் பள்ளிக்கூடத்திலேயே விழுந்துவிட்டது. ஆள் அவ்வளவு உயரம்தான். ஆனால் ஏன் என்று கேட்கிற வாய் மட்டும் காதுவரைக்கும் நீளம். ஐந்து வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு, முள் ஏன் பின்னால் போவதில்லை என்று பார்த்து அடிவாங்கியவள். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

வண்டி அவளைவிடக் கொஞ்சம்தான் இளையது. தினமும் காலையில் அதில் மருத்துவமனைக்கு நூற்றிருபது விரிப்புகள் போகும். அந்த விரிப்பு நின்றால் அவள் வேலை நின்ற மாதிரிதான்.

ஒரு மாதமாக அந்த வண்டியின் பின்விளக்குகள் சுட்டுக்கொண்டிருந்தன. நான்கு பல்பு போய்ச் சேர்ந்தது. இடப்பக்கத்துச் சிவப்பு மூடி மெழுகு மாதிரி நடுவில் குழிந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம், வயர் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே வந்து, துவைத்து மடித்த விரிப்பில் ஏறிக்கொண்டது. மருத்துவமனையில் துணி வாங்கும் அக்கா, முகர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

"இங்க பாரும்மா, படுத்திருக்கறவங்க ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க. தீஞ்ச நாத்தத்துல எப்படித் தூங்குவாங்க? இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவை வந்தா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

உழக்கு நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனாள். அவன் நெட்டைக்கொக்கு, அவள் சீட்டில் உட்கார்ந்தால் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். அதனால் அவனிடம் வண்டியை விடும்போதெல்லாம் சீட்டைப் பின்னால் தள்ளிவைப்பாள். பிரேக் மிதியில் வாரால் கட்டியிருக்கும் மரக்கட்டையையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். கட்டை இல்லாவிட்டால் அவளுக்குக் கால் எட்டாது. பழையது விரிசல் விட்டதென்று, தச்சுவேலை செய்யும் அவள் புருஷன் புதிதாக ஒன்று இழைத்துக் கொடுத்திருந்தான்.

எலக்ட்ரீஷியன் பல்பின் வாட்டைப் பார்த்தான், சரியாகத்தான் இருந்தது. எர்த் வயரின் துருவைச் சுரண்டினான். பேட்டரிக்கு சார்ஜ் அதிகமாக ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தான். ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டு வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"தொட்டுப் பாருக்கா. சூடு இருக்கா?"

இல்லை. ஆனால் அவள் ஓட்டிக்கொண்டு வீடு போய்த் தொட்டபோது கை வெந்தது.

"எங்கிட்ட இருக்கறவரைக்கும் சமத்தா இருக்கு. உன்னப் பாத்தாத்தான் அதுக்குக் காய்ச்சல் வருது" என்றான் அவன்.

அவனுக்கு அது கேலி, அவளுக்கு அது கேள்வி. அவனிடம் குளிர்ந்திருப்பது தன்னிடம் ஏன் சுட வேண்டும்? பாரமில்லாமல் ஓட்டிப் பார்த்தாள், சுட்டது. குண்டும் குழியும் இல்லாத சாலையில் போனாள், சுட்டது. பட்டப்பகலில் விளக்கே போடாமல் போனாள். அப்போதும் சுட்டது. போடாத விளக்கு எப்படிச் சுடும்? அன்று சோறு இறங்கவில்லை அவளுக்கு.

மறுநாள் வயர் ஓட்டையில் ஈரத்துணியை அடைத்துக்கொண்டு விரிப்போடு கிளம்பினாள். காலையிலேயே மேகம் மூடியிருந்தது. மருத்துவமனைப் பின்கட்டில், வெள்ளைச் சுவரைப் பார்த்து வண்டியைப் பின்னால் விட்டாள். கைபிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி வண்டியை அணைக்குமுன், காலைச் சீட்டில் மடக்கி வைத்துக்கொண்டு ரசீதைத் தேடினாள். தற்செயலாகக் கண் பக்கக் கண்ணாடிக்குப் போனது. சுவர் சிவந்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் பின்னாடி நின்னு பாருங்களேன். சிவப்பு எரியுதா?"

"பளிச்சுனு எரியுது. பிரேக்ல இருந்து காலை எடு."

"காலே வெக்கலையே."

"அப்ப பேயா வெச்சிருக்கு?"

உழக்கு குனிந்து, கட்டையை விரலால் ஒரு நெல்லளவு தூக்கினாள்.

"ஆங், அணைஞ்சுருச்சு."

விட்டாள்.

"எரியுது. என்னடி விளையாட்டு இது, வயசான காலத்துல?"

உழக்கு இறங்கி வந்து, கட்டையைக் கழற்றி அக்கா கையில் வைத்தாள். அக்கா கை கீழே தாழ்ந்தது. பழைய கட்டை இவ்வளவு கனமில்லை; இது வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பிரேக் பிடிக்கும் அளவுக்கு அந்தப் பாரம் மிதியை அமுக்கவில்லை. ஆனால் பிரேக் விளக்கின் சுவிட்சை எழுப்பிவிட அது போதும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் எரிய வேண்டிய விளக்கு, வழி நெடுக எரிந்திருக்கிறது. உள்ளே கல் இருக்கிற செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் அந்தக் கல் குத்துமா? பட்டறைக்குப் போகும்போதெல்லாம் வியாதியைப் பையில் எடுத்துக்கொண்டல்லவா போயிருக்கிறாள்!

அக்கா மேல்விரிப்பை முகர்ந்தாள். அடியில் இருந்ததையும் உருவி முகர்ந்தாள். "இன்னிக்கு வாங்கிக்கறேன். நாளைக்கும் மோந்துதான் பாப்பேன்."

எலக்ட்ரீஷியன் சுவிட்சைக் கொஞ்சம் திருகி, மிதியின் தளர்ந்த ஸ்பிரிங்கையும் மாற்றினான். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாடாக இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்த கட்டை அது.

"உங்க கட்டை ரொம்பக் கெட்டி. என்னைவிட நல்லா பிரேக் போடுது" என்றாள்.

அவன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வழுக்கி விழுந்துடப்போறியேன்னு கனமாப் பண்ணேன்." பிறகு உளியை எடுத்து, கனம் குறைய அதன் அடிவயிற்றைக் குடைய ஆரம்பித்தான். உழக்கு பக்கத்தில் குந்திக்கொண்டாள். "ஏங்க, எவ்வளவு குடைஞ்சா உடையாம இருக்கும்?"

மறுநாள் மருத்துவமனையில் அக்கா நான்கு விரிப்பை முகர்ந்தாள். ஐந்தாவதை முகராமல் கையெழுத்துப் போட்டாள்.