மலை மஞ்சளும் கசந்த சாம்பாரும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கள்ளக்குறிச்சியில் மஞ்சள் என்று யாரிடம் கேட்டாலும் என் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. நானாக எழுந்து நின்றவன். பெண் கட்டியதும் அந்த மஞ்சளை வைத்துத்தான்.

தொழில் தொடங்கிய புதிதில், வெள்ளிமலையிலிருந்து பஸ் மேல் மூட்டை போட்டு இறக்குவேன். வேகவைத்து, காயவைத்து, சாக்கில் போட்டுக் கையால் தேய்த்த சரக்கு. பார்க்க மங்கலாகத்தான் இருக்கும். மற்ற வியாபாரிகள் மெருகேற்றப் பீப்பாயில் போட்டு உருட்டும்போது கொஞ்சம் சாயப்பொடி தூவுவார்கள். மஞ்சள் தகதகவென்று வெளியே வரும். அந்தப் பொடி எனக்குப் பழைய சினேகம். முன்பு லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். அங்கே எண்ணெயில் குழைத்ததும் அதே பொடிதான். எங்கள் மேஸ்திரிக்கு வயிறு முறுக்கி முறுக்கி வலிக்கும். கடைசியில் மணிக்கட்டு தொங்கிப்போய் பிரஷ் பிடிக்க முடியவில்லை. ஈயம் உடம்பில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். லாரிக்கு அடிப்பதை ஜனங்களின் வயிற்றுக்கு அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

களமருதூரில் ஒரு சமையல்காரர் இருந்தார். கல்யாணப் பந்தி என்றால் அவர்தான். அவருக்கு ஒத்தாசையாக அடுப்படியில் நின்ற மகளை எனக்குப் பிடித்துப்போனது. பெண் கேட்க என் அத்தையை அனுப்பினேன்.

"சாணி கலர்ல சரக்கு வச்சிருக்கான். மஞ்சளயே மஞ்சளா காட்டத் தெரியாதவனுக்கு என் பொண்ணா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. களமருதூர்க் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் மளிகை தேடி சைக்கிளிலேயே கள்ளக்குறிச்சிக்கு வந்தார். நாளைக்கு முகூர்த்தம், சமையல்காரரிடம் மஞ்சள்தூள் தீர்ந்துவிட்டது என்று கடைவீதியில் புலம்பினார். நான் அப்போதே மில்லுக்கு ஓடி, என் மஞ்சளை அரைத்துப் பையில் கட்டி, சைக்கிளில் ஏறிவிட்டேன். இன்றைய பையன்கள் அந்த வழியில் பாதிகூட மிதிக்க மாட்டார்கள்.

வெட்டிப் போட்டிருந்த ஒரு புளியமரத்தருகே மறியல் பையன்கள் நிறுத்தினார்கள்.

"இன்னா மாமா பையில?"

"கல்யாணத்துக்கு மஞ்சத்தூள்பா."

"யாரு கல்யாணம்? ஒங்களுதா?"

"இதப் போட்டு சாம்பார் நல்லா வந்தா, அடுத்தது என்னுதுதான்."

சிரித்துவிட்டு, அவர்களே சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள்.

சமையல்காரர் என் பையைப் பிரித்து முகம் சுளித்தார். வேறு வழியில்லை. காலையில் சாம்பார் அண்டாவில், எப்போதும் போடுகிற கணக்கில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். கொதி வந்ததும் ருசி பார்த்தார். துப்பினார்.

"அடப்பாவி! கசக்குதுடா! பந்தி ஒக்காரப் போவுது, என் மானத்த வாங்கிட்டியே!"

என் கல்யாணம் அந்த அண்டாவிலேயே முழுகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மகள் அசரவில்லை.

"நைனா, கத்தாத. இத ரெண்டு அண்டாவா பிரி. வெந்த பருப்பு இன்னும் கெடக்குது, புளியும் வெல்லமும் சேத்து ஊத்து."

அப்படியே செய்தார்கள். சாம்பார் மணத்தது. பஸ் இல்லாமல் ஊர் திரும்ப முடியாத விருந்தாளிகளுக்கு மத்தியானத்துக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்தது.

பந்தி முடிந்ததும் அந்தப் பெண் பழைய மஞ்சள் டின்னைக் கழுவப் போனாள். அடியில் ஒட்டியிருந்த தூளைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில், தூளில் கலப்படம் செய்திருந்த மாவு மேலே கலங்கி நின்றது. அடியில் பளீரென்று மஞ்சள் வண்டலாகத் தங்கியது. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இது பெயிண்ட் பொடிங்க" என்றேன். மேஸ்திரியின் கதையையும் சொன்னேன்.

சமையல்காரர் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா இதயா ஜனங்களுக்குப் போட்டுகினு இருந்தேன்?" என்றார். டின்னை எடுத்துப்போய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். வந்தவர் என்னை விடவில்லை. "ஆனாலும் ஒரு அண்டா சாம்பாரக் கெடுத்தவன்தானே நீ."

"கெடுத்தது அவரு இல்ல நைனா, ஒன் கை. மாவுக்கும் பெயிண்டுக்கும் பழகின கை, நல்ல மஞ்சளப் போட்டா அளவு தெரியுமா?" என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வழி தொறந்ததும் ஒங்க அத்தைய இட்டுகினு வாய்யா" என்றார்.

வழி திறக்கிற வரைக்கும் நான் காத்திருப்பேனா? மறுநாளே அத்தையை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதித்தேன். குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகி, "ஒனக்குப் பொண்ணே கெடைக்காம போவ!" என்று என்னைத் திட்டிக்கொண்டேதான் அவள் தாண்டினாள்.