பானைக்குப் பின்னால் இருந்த தவளை

எட்டுக்கால் பூச்சி ஒன்று தவளையைத் தின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை இப்படி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்துச் சொன்னால் பாதியிலேயே, "பல்லியா இருக்கும்" என்று யாராவது முடித்துவைத்துவிடுகிறார்கள்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், கையில் ஆண் குழந்தை. சங்கரன்கோவிலில் என் மாமனார் வீட்டில் எப்போதும் ஆள் கூட்டம். இரண்டு ஓரகத்திகள், அவர்கள் பிள்ளைகள், கல்யாணமாகாத கொழுந்தன். தலைக்கு ஊற்றிக் கொண்டிருந்தால்கூடக் குளியலறைக் கதவை யாராவது தட்டுவார்கள். தனிக்குடித்தனம் என்ற பேச்சை நான் எடுத்த நாளிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் விடவில்லை. அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் சாதித்துக்கொண்டேன்.

ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருக்கு ராயகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. தோப்புக்குள்ளேயே ஓட்டு வீடு. பின்பக்கம் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. நாங்கள் புறப்பட்ட அன்று அத்தை கோயிலுக்குப் போய், பாம்பு உருவம் அடித்த தகடு ஒன்றும் தேள் உருவம் அடித்த தகடு ஒன்றும் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். விஷ ஜந்துக்கள் அண்டாமலிருக்க எங்கள் ஊர்க் கோயிலில் எல்லாரும் செய்வதுதான். புற்றுமண்ணை ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுக்காமல், பிள்ளையின் துணிப்பைக்குள் வைத்தார்.

"பாம்பையும் தேளையும் அம்மன் பாத்துக்கிடுவா. மத்ததை நீ பாத்துக்கோ" என்றார். அந்த 'மத்தது' என்னவாக இருக்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அந்த வீட்டில் எனக்கு ராணி மாதிரி இருந்தது. ஒரே அறைதான். ஆனால் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. மூலையில் மணலைக் கொட்டி அதன்மேல் தண்ணீர்ப் பானையை வைத்திருந்தேன். மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு குட்டித் தவளை அங்கே குடிவந்தது. பானைக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டையை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். பிள்ளை அதையே வெறித்துப் பார்ப்பான். நான் அதை விரட்டவில்லை. பூச்சியைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுவரில் எட்டுக்கால் பூச்சியும் இருந்தது. கால்களை விரித்தால் என் உள்ளங்கை அகலம். வலை கட்டாத ஜாதி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறந்த வீட்டில் ஒட்டடை அடிப்பது என் வேலை. எட்டுக்கால் பூச்சி எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு மத்தியானம் மழை விட்டு ஈசல் கிளம்பியது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈசல் மணல் பக்கம் விழுந்தது. தவளை அதைப் பிடிக்க வெளியே தாவியது. அது தரையைத் தொட்டதுதான் தெரியும், சுவரில் இருந்த எட்டுக்கால் பூச்சி அதன் முதுகில் இருந்தது. இறங்கி வந்ததை நான் பார்க்கவே இல்லை.

பிடரியில் கடித்திருந்தது. தவளை பின்னங்கால்களை நீட்டி உதைத்தது, மறுபடி உதைத்தது, பிறகு கால்கள் துவண்டுவிட்டன. தொண்டை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. பாம்பு வாயில் அகப்பட்ட தவளை கத்துவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இது வாயைத் திறக்கக்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் நானே படம் போட்டிருக்கிறேன். பூச்சியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு தின்னும், பாம்பைப் பருந்து தூக்கும் என்று அம்புக்குறி போட்டு, வண்ணம் தீட்டி, நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்த அம்புக்குறியை யாரோ என் கண் முன்னால் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. எலும்பும் சதையும் ரத்தமும் உள்ள ஓர் உயிரை, எலும்பே இல்லாத ஒரு பூச்சி பிடித்து வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அங்கே அது உறிஞ்சுகிறது, இங்கே என் மடியில் பிள்ளை உறிஞ்சுகிறான். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு உடம்பு கூசிவிட்டது. பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அவன் வீரிட்டு அழுதான்.

என் வீட்டுக்காரர் தோப்பிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தரையில் மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை மாதிரி ஏதோ கறுப்பாகக் கிடந்தது. அவர் அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"இது பல்லி வேலைட்டி."

"எட்டுக்கால் பூச்சிங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"தவளைதான் பூச்சியத் திங்கும். பூச்சி தவளையத் திங்குமா? எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவ பேசுத பேச்சா இது?"

சாரைப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி ஓடைப்பக்கம் வீசுகிற மனுஷர் அவர். அவருக்கு இது சிரிப்பாகத்தானே இருக்கும்? மறுநாள் எலுமிச்சை பறிக்க வந்த பெண்களிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். சேலைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் உத்தரத்தையும் கயிற்றையும் விளக்குமாற்றால் தட்டிப் பார்த்தேன். சுவரில் இருந்ததை அடிக்கப் பல தடவை போனேன், ஒவ்வொரு தடவையும் அது ஓட்டுக்குள் புகுந்துவிட்டது. ஆனால் ஊருக்குத் திரும்புவது என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பயமா, மாமியார் வீடா என்று கேட்டால் நான் பயத்தோடு இருந்துகொள்வேன்.

சில நாள் கழித்து மறுபடியும் அடைமழை. தோப்பில் வேலை இல்லை. அவர் பானைக்கு எதிரே சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணலில் வேறொரு குட்டித் தவளை வந்திருந்தது. நான் ரசம் ஊற்றக் குனிந்தபோது அவர் கை சோற்றிலேயே நின்றுபோயிருந்தது. அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். அதே பிடி, அதே பிடரி. இந்த முறை தவளையின் முகம் எங்களைப் பார்த்து இருந்தது. கண் திறந்திருந்தது.

அவர் எழுந்தார். கையைக்கூடக் கழுவாமல் மழைக்குள் இறங்கி நடந்தார். நனைந்து திரும்பி வந்தவர் வாசற்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

"பாயச் சுருட்டு. ஊருக்குப் போவோம்."

"நான் எங்கயும் வரலை. அத அடிச்சுப் போட்டா முடிஞ்சுபோச்சு."

"பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு இங்கன இருக்க முடியாதுட்டி. கிளம்பு."

அன்றைக்கே பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் பிள்ளையின் துணிப்பையை உதறி உதறிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. சங்கரன்கோவிலில் வாசலில் நின்ற அத்தை, "என்னலே, தீவாளிக்குத்தான வாரோம்னீங்க?" என்று மகனைக் கேட்டார்.

அவர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "இவளுக்குப் பயம்மா. எட்டுக்கால் பூச்சியக் கண்டு நடுங்குதா. அங்கன இருக்க மாட்டேங்கா."

நான் திகைத்துப்போய் நின்றேன். தவளையைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி இதற்குப் பக்கத்தில் நிற்காது. ஓரகத்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பெருந்தன்மையால் நான் சும்மா இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் குரல் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வாசல் கடையில் எட்டுக்கால் பூச்சித் தகடு கேட்டார்.

"அதெல்லாம் யாரும் அடிக்கதில்லம்மா. பாம்பு, தேளுதான். தேளுக்கும் எட்டுக்காலுதான, கொண்டுபோங்க" என்றார் கடைக்காரர்.

அத்தை தேளை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "பயந்தவ கையாலதான் போடணும்."

உண்டியல் பக்கம் என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். காலியான அவர் கையில் தகட்டை வைத்தேன்.

"பயந்தவங்க கையாலதான் போடணுமாம். அத்தை சொல்லுதாங்க."

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்மேல் எரிந்து விழுந்திருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மா முகத்தையும் பார்க்கவில்லை. தகட்டை உண்டியலில் போட்டார்.

அத்தை மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மழை விட்டதும் இவளையும் பிள்ளையையும் தோப்புல கொண்டு விட்ருலே. ஒனக்குப் பயமா இருந்தா நீ இங்கனயே இரு."