வல்பிரூன் அணைக்கு வரிசையில் நின்ற கதை

ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை, காலை 5.40. பாரிஸில் லா ஷப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே யோகன் அண்ணையின் வெள்ளை வான் விளக்கெரிய நின்றிருந்தது. போகவேண்டிய ஊர் வல்பிரூன், 238 கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம். அங்கே விசாரணை தொடங்குவது பிற்பகல் இரண்டு மணிக்கு. கணக்கு உதைக்கிறதே என்று முந்தின நாள் மாலை வரை சொல்லிப் பார்த்தேன்.

"தம்பி, கந்தோர் அலுவல் எண்டால் விடியமுன்னம் போய் நிக்கவேணும். இரண்டு மணிக்குத் திறப்பான் எண்டு இரண்டு மணிக்குப் போனால் கதவை முகத்திலை சாத்துவான். பிறெபெக்சரிலை நாங்கள் நிண்ட நிலை உமக்கென்ன தெரியும்?"

பிறெபெக்சர் என்பது வெளிநாட்டவருக்கு வதிவிட அட்டை தரும் கந்தோர், அதாவது அலுவலகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முப்பத்தொரு வருடத்தில் அண்ணை அந்த வாசலில் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பே முடித்திருக்கலாம். அதனால் அவர் எங்கே போனாலும் ஒரு தடித்த பச்சைக் கோப்பும் கூடவே போகும். அன்றும் அது முன் இருக்கையில், சீட் பெல்ட் போட்டபடி இருந்தது. அவர் மனைவி ராணி அக்கா பின் இருக்கையில்.

"பைலுக்கு முன் சீற், பெண்சாதிக்குப் பின் சீற். ஏறுங்கோ தம்பி," என்றார் அக்கா.

நான் சேலம் பக்கத்துக்காரன். மேற்படிப்புக்காகப் பாரிஸ் வந்தவன். மாலை நேரங்களில் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகலெடுக்கும் கடையில் படிவம் நிரப்பித் தருகிறேன். பழக்கமான வேலைதான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், எட்டு வயதிலிருந்தே எங்கள் தெருவின் மனுக்களெல்லாம் என் கையெழுத்தில்தான் போயின. அந்தக் கடைக்குத்தான் போன வாரம் யோகன் அண்ணை வியர்க்க வியர்க்க வந்து கைப்பேசியை நீட்டினார். அணையின் வேலியில் ஒட்டியிருந்த ஒரு பெரிய மஞ்சள் தாளின் படம்.

"மஞ்சள் பேப்பர் தம்பி. வீட்டை எடுக்கப் போறாங்களோ?"

எட்டு வருடத்துக்கு முன்பு வல்பிரூனில் அவர் ஒரு சிறிய வீடு வாங்கியிருந்தார். மே மாதம் பார்த்தபோது வாசலுக்கு எதிரே ஏரி தளும்பி நின்றதாம். ஆறில்லாத ஊரில் பிறந்தவர், அங்கேயே விழுந்துவிட்டார். ஆனால் அவர் சமையல்காரராக இருக்கும் உணவகம் மூடுவது ஆகஸ்டில் மட்டும். ஆகஸ்டில் அணைக்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். முதல் ஆகஸ்டில் ராணி அக்காவைக் கூட்டிப்போனார். அக்கா காரை விட்டு இறங்கி, சேற்றைப் பார்த்து, காரில் ஏறியவர்தான். அதன் பிறகு போனதில்லை. பாரிஸ் புறநகரான பொண்டியில் அவர்கள் குடியிருப்பில் அந்த வீட்டுக்குச் 'சேத்து மாளிகை' என்று பெயர். இன்னும் ஏழு வருடத்தில் அண்ணைக்கு ஓய்வு. அங்கே போய் இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. பொண்டியை விட்டு அசையமாட்டேன் என்பது அக்காவின் முடிவு.

மஞ்சள் தாளை வாசித்துச் சொன்னேன். வீட்டுக்கு ஒன்றுமில்லை. அணையின் மின் உற்பத்தி உரிமம் முடிகிறது. மீண்டும் நாற்பது வருடத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறார்கள். விசாரணை ஆணையர் புதன்கிழமை இரண்டிலிருந்து ஐந்து வரை அந்த ஊர் மெரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், உட்கார்ந்திருப்பார்.

"பொதுமக்கள் எண்டால் ஆர்?"

"நீங்கதான் அண்ணா."

"நானோ? நான் பத்து வருச கார்ட்டிலை இருக்கிற ஆள்."

"அந்தத் தாள்ல எந்த நாட்டுக்காரர்னு ஒண்ணும் போடலை. யாரு வேணும்னாலும் சொல்லலாம்."

அவர் நம்பவில்லை. பிறகு நாற்பது என்ற எண் மண்டையில் இறங்கியது. "அப்ப அடுத்த தரம் கேக்கேக்கை எனக்குத் தொண்ணூற்றேழு வயசு." கடை மேசையைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் புதன் விட்டால் பேந்து இல்லை."

காலை 7.30. ஆறாம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் நிலையம். காப்பி இரண்டு யூரோ நாற்பது. ராணி அக்கா அதைக் கண்டித்துப் பிளாஸ்கைத் திறந்தார். இருபது வருடமாக அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர். அவர் பிரெஞ்சு நேராகப் போய் முட்டும்.

"நான் வாறது அணைக்கில்லைத் தம்பி. இந்த மனிசன் அங்கை போய் என்ன கதைக்குதெண்டு பாக்கத்தான். வீட்டிலை உப்புக் கேக்கவே வாய் திறக்காது."

அண்ணை கேட்காதவர் போலக் கோப்பைத் துடைத்தார்.

காலை 8.55. வல்பிரூன். ஏரியை முதலில் பார்க்கலாம் என்றேன். ஏரி என்றால், வெடித்த சேறு, நடுவே வாய்க்கால் அளவுக்கு ஒரு நீர்க்கோடு, கரையில் சங்கிலியால் கட்டிய நாலு மிதி படகுகள். அவை பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் பலகை: ஆழம் அதிகம், நீந்துவோர் கவனம். ராணி அக்கா பலகையைப் படித்துவிட்டு, "கவனமா வாங்கோ தம்பி, சப்பாத்து மூழ்கிப் போம்," என்றார் என் காலணியைக் காட்டி. வீடு நூறு மீட்டரில் இருந்தது. உள்ளே வந்து ஒரு வாய் தேநீராவது குடியும் என்று அண்ணை கெஞ்சினார். "தண்ணி வந்தாப் பிறகு வாறன்," என்று அக்கா வானுக்குத் திரும்பிவிட்டார்.

காலை 9.10. மெரியின் கதவு பூட்டியிருந்தது. தெருவில் ஒரு பூனை. அண்ணை கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, எங்களைத் தன் பின்னால் நிறுத்தினார். "இடத்தை விடாதைங்கோ." ஐந்து மணி நேரம் இருக்கிறது என்றேன். கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பிறெபெக்சர் வாசலில் செய்வதைப் போல, எண் போட்டுப் பெயர் எழுதினார். ஒன்று யோகநாதன். இரண்டு அவர் மனைவி. மூன்று நான்.

"பெரிய விதானையார்," என்றார் அக்கா. விதானை என்றால் அவர்கள் ஊரில் கிராம அலுவலர்.

பத்து மணிக்கு ரொட்டி வண்டி வந்தது. அந்த ஊரில் கடை இல்லை, புதன்தோறும் வண்டிதான். ரொட்டி வாங்க வந்த ஒரு முதியவர் எங்களைப் பார்த்து நின்றார். பூட்டிய கதவு, அதன் முன்னால் மூன்று பேர், கையில் பட்டியல். ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து கேட்டார்: "என்ன கொடுக்கிறார்கள்?"

"அணை," என்றார் அண்ணை பிரெஞ்சில். "பெயர் சொல்லுங்கள். உங்களுக்கு நான்காம் எண்."

முதியவர் பெயரைச் சொல்லிவிட்டார். வரிசையின் சக்தியை அன்றுதான் கண்டேன். நான்காம் எண்ணைப் பார்த்து ஐந்தாம் எண் வந்தது. ஐந்தாமவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியையும் ஒரு மடக்கு நாற்காலியையும் கொண்டுவந்தார். நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நுழையப் பார்த்தார். அண்ணை தாளைத் தட்டிக் காட்ட, அவர் மன்னிப்புக் கேட்டுப் பின்னால் போனார். மதியம் அக்கா தூக்கிலிருந்து ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஆட்டிறைச்சியும் மிளகும் உள்ளே. ஆறாம் எண் இருமினார், கண்ணைத் துடைத்தார், இன்னொன்று கேட்டார்.

பிற்பகல் 1.55. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரான விசாரணை ஆணையர், நாற்காலிக்குப் போட ஒரு திண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி காரிலிருந்து இறங்கினார். பதினோரு பேர் கொண்ட வரிசையைக் கண்டு, ஊர்ப் பெயர்ப் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இதற்கு முன் இரண்டு புதன்கள் வந்து உட்கார்ந்தாராம். பதிவேட்டில் ஒரே ஒரு கருத்து, தேவாலய மணி சத்தமாக அடிக்கிறது என்று. அண்ணை பட்டியலை நீட்டினார். அவர் அதை இரு கையாலும் வாங்கினார்.

உள்ளே போனதும் அண்ணை கோப்பைத் திறந்தார். வதிவிட அட்டை, வீட்டு வரி ரசீது, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மின் கட்டண ரசீது, மொழிபெயர்த்து முத்திரை குத்திய திருமணச் சான்றிதழ். ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். ஆணையர் அத்தனையையும் ஒழுங்காகச் சேர்த்து அவர் பக்கமே நகர்த்தினார்.

"இவை எதுவும் வேண்டாம் ஐயா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். அவருக்குப் பிரெஞ்சு புரியாமல் இல்லை. மறுபடி திருமணச் சான்றிதழை முன்னால் தள்ளினார்.

"முப்பத்தொரு வருசம் தம்பி," என்றார் மெதுவாக, "ஒரு கந்தோரிலையும் இந்தக் கேள்வியை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. மறுமொழி கொண்டு வரேல்லை."

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். எங்கள் மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. பந்தல், போலீஸ், ஒலிபெருக்கி, வந்தவர்களுக்கெல்லாம் தக்காளி சாதப் பொட்டலம். அப்பா கையைத் தூக்கியபடி இரண்டு மணி நேரம் நின்றார். மைக் மேடையிலேயே கைக்குக் கை மாறியதே தவிரக் கீழே இறங்கவில்லை. இங்கே மைக் வந்துவிட்டது, அண்ணைக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் ராணி அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"மிஸ்யூ," என்றார், தன் பிரெஞ்சில். "என் கணவர் ஏரி வாங்கினார். ஏரி இல்லை. எங்கே?"

ஆணையர் வரைபடத்தை விரித்தார். கோடையில் கீழே ஆறு வற்றிவிடும். அதனால் ஆகஸ்டில் ஏரித் தண்ணீரை விடுகிறார்கள். அது விசையாழியைச் சுற்றி, ஆற்றில் சேர்ந்து, சேன் நதிக்கு வந்து, கடைசியில் பாரிஸ் போகிறது.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ? தண்ணி பாரிசுக்குப் போகுது, நாங்கள் இஞ்சை வாறம். வழியிலை ஆளை ஆள் காணாமல் மாறிப் போறம்."

பிறகு ஆணையரிடம்: "எட்டு வருடம் தனியாக வருகிறார். திரும்பி வந்து, நல்ல வடிவாக இருந்தது என்கிறார். மே மாதத்துப் படத்தைக் காட்டுகிறார். நான் சிரிப்பேன் என்று பொய் சொல்கிறார். சேறு இருப்பது எனக்குத் தெரியும். சப்பாத்தைக் கழுவுவது நான்தான்."

அண்ணை கூரையைப் பார்த்தார்.

"ஆகஸ்ட் முழுக்க வேண்டாம். இருபதாம் தேதி வரை வைத்திருங்கள். பிறகு பாரிசுக்கு அனுப்புங்கள். நாங்களும் அதன் பின்னால் போய்விடுகிறோம்."

நியாயமான கோரிக்கை, பதிவேட்டில் எழுதுங்கள் என்றார் ஆணையர். பிரெஞ்சில் எழுத வராது என்று அக்கா சொல்ல, தமிழில் எழுதட்டும், கீழே இவர் பிரெஞ்சில் எழுதட்டும் என்று என்னைக் காட்டினார். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டி, நேரம் எடுத்து எழுதினார். நான் கீழே பிரெஞ்சில் எழுதினேன். கவனமாக எழுதினேன். நாற்பது வருடத்துக்கு நிற்கவேண்டிய கையெழுத்து.

உறுதி எதுவும் தர முடியாது என்றார் ஆணையர். அவர் அறிக்கை எழுதுவார், முடிவு மேலே. ஆனால் பதிவேட்டில் உள்ள எதையும் விட்டுவிட முடியாது, ஒவ்வொன்றுக்கும் அணைக்காரர் பதில் சொல்லியாகவேண்டும்.

எங்களுக்குப் பின்னால் எட்டுப் பேரும் உள்ளே போனார்கள். நான்காம் எண் மீனுக்காகத் தண்ணீர் கேட்டார். ஐந்தாம் எண்ணும் மனைவியும் அணையைப் பற்றி ஒருவருக்கொருவர் எதிராக எழுதிவிட்டுச் சேர்ந்தே வீட்டுக்குப் போனார்கள். நடுவில் அக்கா ஆணையரிடம் ரோல்ஸ் நீட்டினார். நடுநிலை கெடும், வாங்கக்கூடாது என்று மறுத்தார். ஐந்தடித்ததும் பதிவேட்டை மூடிக் கையெழுத்திட்டார், திண்டை எடுத்தார், பிறகு கேட்டார்: "இப்போது ஒன்று தரலாமா?"

மாலை 5.20. நானும் அக்காவும் வானுக்கு வந்துவிட்டோம். அண்ணை மட்டும் மெரிச் செயலாளரிடம் ஏதோ கேட்டு, கண்ணாடிச் சன்னலில் பதினெட்டு சென்ட் கொடுத்து, ஒரு தாளோடு வந்தார்.

ஊரை விட்டுப் போகும்போது அணைச் சுவர் வெயிலில் சும்மா நின்றது. ஒருநாள் வரிசையால் அது அசைந்துவிடாது. ஆனாலும் மறுநாள் அப்பாவுக்கு இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கேட்டதை எழுதிக்கிட்டாங்களா?" எழுதிக்கொண்டார்கள் என்றேன். "அப்போ சரி," என்றார்.

சுங்கச் சாவடியில் பதினேழு யூரோ அறுபது. வங்கி அட்டை தேடி அண்ணை கோப்பைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, வதிவிட அட்டைக்கும் முன்னால், அந்தப் பதினெட்டு சென்ட் தாள் இருந்தது, பதிவேட்டின் நகல். அக்காவின் கையெழுத்தில் ஒரு பக்கம். கடைசி வரியை நான்தான் பிரெஞ்சில் எழுதினேன், அதனால் எனக்குத் தெரியும்: 'ஓகஸ்ட் இருபது வரைக்கும் குளத்திலை தண்ணி நிண்டால் நான் இஞ்சை வந்து இருப்பன்.'

"அது என்னத்துக்கு?" என்றார் அக்கா பின்னாலிருந்து. "அணைக்காரனுக்குக் காட்டவோ?"

"அணைக்காரனுக்கு இல்லை," என்றார் அண்ணை. "உமக்கு."

அண்ணை சுங்கத்தைக் கட்டி வானை எடுத்தார். பிறகு அக்கா கேட்டார்:

"வீட்டுச் சன்னலுக்கு என்ன கலர் அடிச்சு வைச்சிருக்கிறியள்?"

"நீலம்."

"தண்ணி வந்தால் வெளியிலை எல்லாம் நீலமாத்தானே கிடக்கும். மஞ்சள் அடியுங்கோ."