தாய்மாமனைக் கரைத்த லென்ஸ்

சில மாதங்களுக்கு முன்பு கல்வராயன் மலைக் கோயில் ஒன்றில் கல்யாணம். வேனிலிருந்து இறங்கும்போது கலைச்செல்வியின் கேமரா பை நழுவி, பாறையில் 'டொக்'கென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கேமரா உயிரோடு இருக்கிறது. லென்ஸ்? 'கிர்... கிர்ர்...' என்று முனகுகிறதே தவிர, எதையும் தெளிவாகக் காட்ட மறுக்கிறது. ஆட்டோ ஃபோகஸ் காலி!

கலைச்செல்வி நைனார்பாளையத்துப் பெண். ஸ்டுடியோ ஒன்றில் உதவியாளராக இருந்துவிட்டு, தனியாகப் படமெடுக்க வந்த முதல் கல்யாணம் இது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மாற்று லென்ஸ் கிடையாது.

"இன்னாக்கா செய்யறது? தாலிய ரெண்டாவது தபா கட்டச் சொல்ல முடியுமா?" என்றாள்.

நான் அவளோடு வேடிக்கை பார்க்கப் போனவள். என் கழுத்தில் தொங்கியது புது டிஜிட்டல் கேமரா. ஆனால் அதன் முகப்பில், ஒரு இணைப்பு வளையத்தின் தயவில், ஃபிலிம் காலத்து லென்ஸ்! பழைய லென்ஸ் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். தானாக எதையும் செய்யாத லென்ஸ். கையால் திருப்பித் திருப்பித்தான் தெளிவைக் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடி வழியே முகங்கள் தெரிகிற அழகு இருக்கிறதே... அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பலாம்.

கேமராவைக் கழற்றிக் கொடுத்தேன்.

"திருப்பிக்கினே எடுக்கணுமா? பழக்கமே இல்லியேக்கா!"

"பயப்படாத. எது ஷார்ப்பா இருக்கோ, அதோட ஓரம் ஸ்கிரீன்ல செவப்பா மின்னும். அந்தச் செவப்பப் புடி, போதும்."

மணப்பெண்ணின் அம்மா பச்சையம்மாளை நிற்க வைத்துப் பழகிப் பார்த்தாள். முதல் படம் மங்கல். அடுத்ததில் மூக்குத்தி தெளிவு, கண் மங்கல். அதற்கடுத்தது... அடடா! வெயிலில் கரும்பு வெட்டிக் கறுத்த முகம், அதே கறுப்போடு, அத்தனை களையாக வந்திருந்தது. பின்னால் நின்ற கூட்டம் முழுக்க வெண்ணெயாக உருகி, வெறும் வண்ணமாகிவிட்டிருந்தது.

பெருமையோடு பச்சையம்மாளிடம் காட்டினேன். பார்த்தார். கிட்டே இழுத்து வைத்துப் பார்த்தார்.

"நான் நல்லாத்தான் கீறேன். பின்னால எங்கண்ணன் நின்னாரே, அவரு எங்க?"

அண்ணன் அந்த வெண்ணெயில் ஒரு வெள்ளைத் திட்டாக இருந்தார்!

"அவரு வந்ததே பெருசுங்க. ஒரு சண்டையில பேச்சு நின்னு போயி, பெரிய பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல. இன்னிக்குத்தான் மணலூர்பேட்டையிலருந்து வந்துகீறாரு. தாலி கட்டற போட்டோல அவரு மூஞ்சி தெரியணும். செல்லுல எடுத்தா செல்லோட போயிடுது... ஆல்பத்துல இருக்கணுங்க."

பின்னணியை மங்கலாக்குவதுதான் கலை என்று என்னைப் போன்றவர்கள் மணிக்கணக்கில் பேசுவோம். தாய்மாமனை மங்கலாக்கிவிட்டு, எந்த ஆல்பத்தை ஊருக்குள் கொண்டுபோவது?

கலைச்செல்வி லென்ஸில் இருந்த இன்னொரு வளையத்தைத் திருப்பினாள். வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சுருக்குகிற வளையம். சுருக்கச் சுருக்கப் பின்னால் நிற்பவர்களும் தெளிவார்கள் – ஆனால் படம் இருட்டும். வெளியே பனிமூட்டம், மண்டபத்தில் அழுது வடியும் பல்புகள். புதுக் கேமரா இருட்டிலும் கண் தெரிகிற ஜாதி என்பதால் பாதிக் கிணறு தாண்டினோம். மாமா மட்டும் இன்னும் தெளியவில்லை.

மேளம் வேகமெடுத்தது. மாப்பிள்ளை கையில் தாலி.

"மாமா! வெள்ளச் சட்ட மாமா! முன்னாடி வாங்க!" என்று கத்தினாள் கலைச்செல்வி.

அவர் தூணோரமாகவே நின்றார். "இருக்கட்டும்மா... நான் இங்கியே நிக்கிறேன்."

"அங்க நின்னா போட்டோல உழ மாட்டீங்க! பொண்ணு பக்கத்துல வாங்க மாமா!"

அவர் தங்கையைப் பார்த்தார். பச்சையம்மாள் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

மாமா வந்து நின்றார். கலைச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தை ஒரு இழை திருப்பினாள். கெட்டிமேளம்... க்ளிக், க்ளிக், க்ளிக்!

மஞ்சள் கயிறு, முடிச்சுப் போடும் விரல்கள், குனிந்த பெண், பின்னால் அண்ணனும் தங்கையும் – எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அந்தச் சந்தடியில் மாமா அழுததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. படத்தில் நன்றாகத் தெரிகிறது.

ஆட்டோ ஃபோகஸ் வேகமானதுதான், மறுக்கவில்லை. கண்ணைத் தேடிப் பிடித்துவிடும். ஆனால் தூணோரம் நிற்கிற மனிதரை யார் கூப்பிடுவது?

பந்தியில் பச்சையம்மாள் கலைச்செல்வியிடம் வந்தார். "இத எவ்ளோ பெருசா போடலாம்?"

"செவுரு அளவுக்குப் போடலாம் அத்தை."

"அப்ப ரெண்டு போடும்மா. ஒண்ணு மணலூர்பேட்டைக்கு."

அந்தப் பழைய லென்ஸைக் கேட்கிறீர்களா? 'குடுத்துடறேங்க்கா' என்கிறாள் கலைச்செல்வி – ஒவ்வொரு முகூர்த்தமும் முடிந்த பிறகு!